நுண்கணிதம் புகுவார்க்கு முதற்படி யாது?

ஒரு கலையைப் பயிலப் புகுவோன் அதன் வாயிலிற் காண்பது எதுவோ, அதுவே அக்கலையோடு அவன் பின்னர்க் கொள்ளும் உறவைப் பெரிதும் வகுத்துவிடுகின்றது. வாயில் ஒளியுடையதாயின் உள்ளே செல்லும் அவா எழும். இருளுடையதாயின், பரீட்சையென்னுங் கோல் பின்னின்று துரத்துமளவும் மாணவன் நடப்பான், கோல் நீங்கியதும் வெளியேறுவான், திரும்பியும் பாரான். கணிதத்தின் பகுதிகள் பலவற்றுள்ளும் இவ்வுண்மை மிகத் தெளிவாகப் புலப்படுவது நுண்கணிதத்திலேயாம். யூபிலி மலரிலே கல்லூரியின் பழம்பெருமை பேசுதல் மரபு. அம்மரபை நாம் குறை கூறோம். ஆயினும், கல்லூரி என்பது கட்டடமும் விளையாட்டுத் திடலும் வெற்றிக் கிண்ணங்களும் மாத்திரமன்று. ஓர் ஆசிரியர் ஒரு கருத்தை ஒரு மாணவன் உள்ளத்திற் பதியவைக்கும் அந்நேரமே கல்லூரியின் உயிர்நிலையாகும். ஆதலின், நுண்கணிதத்தை முதன்முதலாகக் கற்பிக்கும் முறை பற்றி எமது கருத்தை ஈண்டுக் கூற விழைகின்றோம்.

இந்நாட்டு மாணவன் நுண்கணிதத்தை முறையாகச் சந்திப்பது உயர்தர வகுப்பில், இணைந்த கணிதம் என்னும் பாடத்திலாகும். பொறியியற் பீடங்களுக்குச் செல்லும் வழி அப்பாடத்தினூடாகவே அமைந்துள்ளது. எனவே, அவ்வாயிலில் இடறி விழும் மாணவன் இழப்பது ஒரு பாடத்தை மட்டுமன்று. அவன் தன் வாழ்க்கைப் பாதை ஒன்றையே இழக்கின்றான். இத்துணைப் பெரிய வாயிலிலே அவனுக்குப் பெரும்பாலும் முதலிற் கொடுக்கப்படுவது யாது? “அடுக்கை முன்னே கொணர்ந்து பெருக்குக, அடுக்கில் ஒன்றைக் குறைக்க” என்னும் விதியே. இது மந்திரம் போன்றது. ஒரு மணித்தியாலத்தில் மனனமாகிவிடும்; மறுநாளே ஐம்பது கணக்குகளைச் செய்து முடித்துவிடலாம். ஆனால், ஐம்பது கணக்குகளையும் பிழையின்றிச் செய்த மாணவனை நோக்கி, “தம்பி, நீ கண்ட இவ்விடை எதனை அளக்கின்றது?” என்று வினாவிப் பாருங்கள். அவன் திகைப்பானாயின், குற்றம் அவனுடையதன்று. விடை கூறக் கற்பிக்கப்பட்ட அவனுக்கு வினா யாதென்பது கற்பிக்கப்படவில்லை.

எமது கருத்து இதுவே: நுண்கணிதம் புகுவார்க்கு முதலில் வேண்டுவது விதியுமன்று, வரைவிலக்கணமுமன்று. எவ்விரண்டு வினாக்களுக்கு விடை காண்பதற்காக இக்கலை தோன்றிற்றோ, அவ்வினாக்களை எண்களின் துணைகொண்டு மாணவன் தானே சந்தித்தல் வேண்டும். மாறிக்கொண்டிருக்கும் ஒன்று இக்கணத்தில் எவ்வளவு விரைவாக மாறுகின்றது என்பது முதல் வினா. சிறிது சிறிதாகச் சேர்வது முடிவில் எவ்வளவாகத் திரள்கின்றது என்பது இரண்டாம் வினா. முதல் வினாவிலிருந்து பிறந்தது வகையீடு. இரண்டாவதிலிருந்து பிறந்தது தொகையீடு. இவ்விரண்டும் ஒன்றையொன்று மீட்டுத் தருவன என்னும் உண்மையே இக்கலையின் முடிமணி.

இதனை எவ்வாறு தொடங்கலாம் என்பதை ஓர் எடுத்துக்காட்டாற் காட்டுவோம். ஏறத்தாழ 20 மீற்றர் உயரமுள்ள பனையிலிருந்து பழமொன்று கழன்று வீழ்கின்றது எனக் கொள்வோம். காற்றின் தடையைப் புறக்கணித்தால், அது வீழ்ந்த தூரம், சென்ற செக்கன்களின் வர்க்கத்தை 4.9 ஆற் பெருக்க வருவதாகும். முதற் செக்கன் முடிவில் 4.9 மீற்றர், இரண்டாஞ் செக்கன் முடிவில் 19.6 மீற்றர். பழம் வரவர விரைந்து வீழ்கின்றது என்பது சிறுவனும் அறிந்ததே. இப்பொழுது வினா: சரியாக ஒரு செக்கன் முடிந்த அக்கணத்தில் அதன் வேகம் யாது?

வேகம் என்பது தூரத்தைக் காலத்தால் வகுக்க வருவது என மாணவன் முன்னரே கற்றிருக்கின்றான். ஆனால், ஒரு கணத்தில் கடந்த தூரம் பூச்சியம். கழிந்த காலமும் பூச்சியம். பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுத்தல் ஆகாது. இவ்விடத்தில் ஆசிரியர் விரைந்து விடை கூறாது சிறிது பொறுத்தல் நன்று. மாணவன் அவ்விடர்ப்பாட்டை உணர்ந்தாலன்றி, அதனைத் தீர்க்க வந்த உபாயத்தின் அருமையை உணரான். பின்பு, “கணத்தை விடுவோம், அதனை அடுத்துள்ள சிறுபொழுதை எடுப்போம்” என்று தொடங்கலாம். 1 செக்கனிலிருந்து 2 செக்கன் வரை சராசரி வேகம் செக்கனுக்கு 14.7 மீற்றர். 1 இலிருந்து 1.1 வரை 10.29. 1 இலிருந்து 1.01 வரை 9.849. 1 இலிருந்து 1.001 வரை 9.8049. இனிப் பின்புறமிருந்து வருவோம். 0.9 இலிருந்து 1 வரை 9.31, 0.99 இலிருந்து 9.751, 0.999 இலிருந்து 9.7951. ஒருபுறம் இறங்கி வருவனவும் மறுபுறம் ஏறி வருவனவும் எவ்வெண்ணை நெருக்குகின்றன என்பதை ஆசிரியர் கூறவேண்டுவதில்லை. வகுப்பின் கடைசி வாங்கில் இருப்பவனும் “9.8” என்று எழுந்து கூறுவான். அவ்வாறு அவனே கூறிய அக்கணத்தில் அவன் நுண்கணிதத்தின் உள்ளே வந்துவிட்டான். விதி ஒன்றையும் அவன் இன்னும் கற்கவில்லை. எனினும், அவ்விதி எதனைத் தேடுகின்றது என்பதை அறிந்துகொண்டான்.

இதனையே வரைபிலும் காட்டலாம். நேர்கோட்டின் படித்திறனைச் சாதாரண தர மாணவன் அறிவான். வளையியின் படித்திறனோ இடத்துக்கிடம் மாறுவது. ஆயினும், வளையியின் மிகச் சிறிய ஒரு துண்டைப் பெரிதாக்கிப் பார்த்தால் அது நேர்கோடு போலவே தோன்றும். உருண்டையான பூமியின்மேல் நிற்கும் நமக்கு வயல்வெளி சமதரையாகத் தோன்றுவது போன்றதே இது. அந்நேர்கோட்டை இருபுறமும் நீட்டினால் வருவது தொடலி. அதன் படித்திறனே அவ்விடத்தில் வளையியின் படித்திறன். வீழும் பழத்தின் வேகமும் வளையியின் தொடலியும் ஒரே கருத்தின் இரு வடிவங்கள் என்பது புலனாகும்போது மாணவனுக்கு உண்டாகும் மகிழ்ச்சி, ஐம்பது கணக்குகளுக்குச் சரிக்குறி பெறுவதால் உண்டாவதன்று.

கூரிய மாணவன் ஒருவன் இங்கே தடை எழுப்பலாம்: “சிறுபொழுது பூச்சியமன்று என்று கொண்டே வகுத்தீர்கள், பின்பு அதனைப் பூச்சியமாக்கி விடை கூறினீர்கள், இரண்டும் எங்ஙனம் பொருந்தும்?” இத்தடை இழிவானதன்று. நியூற்றனின் முறைக்கு எதிராக 1734 ஆம் ஆண்டில் பார்க்கிளி என்னும் மெய்யியலறிஞர் ஒரு நூலே எழுதி எழுப்பிய தடை இதுவேயாம். ஆதலின், “அதனைக் கேளாதே, எழுதிக்கொள்” என்று அம்மாணவனை அடக்குதல் பெரும்பிழை. அவனுக்குரிய விடை எளியது. எடுத்த சிறுபொழுதை 4.9 ஆற் பெருக்கி 9.8 உடன் கூட்ட வருவதே அப்பொழுதின் சராசரி வேகம். ஆகவே, சராசரிக்கும் 9.8 இற்கும் உள்ள வேறுபாடு, அச்சிறுபொழுதின் 4.9 மடங்கே. “வேறுபாடு ஆயிரத்திலொன்றிலும் குறைதல் வேண்டும்” என்று ஒருவர் அறைகூவினால், ஒரு செக்கனை 4900 கூறாக்கி அதன் ஒரு கூற்றினும் சிறிய பொழுதை எடுத்துக் காட்டுவோம். “இலட்சத்திலொன்றிலும் குறைக” என்றால் அதற்கும் ஒரு சிறுபொழுது உண்டு. எவ்வறைகூவலுக்கும் விடை கொடுக்கவல்ல எண் 9.8 ஒன்றே. எல்லை என்பதன் பொருள் இதுவே. எதனையும் பூச்சியத்தால் நாம் வகுத்தோமில்லை. 1821 இல் கோசி என்னும் பிரெஞ்சுக் கணித அறிஞர் தமது நூலில் எல்லையை அடிப்படையாகக் கொண்டு இக்கலையை நிறுவ முற்பட்டதும், அவர்பின் வந்தோர் அதனை மேலும் செம்மைப்படுத்தியதும் இவ்வழியிலேயாம்.

இனி இரண்டாம் வினாவுக்கு வருவோம். அதே பழத்தின் வேகம் ஒவ்வொரு செக்கனுக்கும் 9.8 வீதம் கூடுகின்றது என்பது மட்டுமே தெரியும். தூரம் தெரியாது எனக் கொள்வோம். இரண்டு செக்கனில் அது எவ்வளவு வீழ்ந்தது? காலத்தை அரைச் செக்கனாக நான்கு கூறிடுவோம். ஒவ்வொரு கூற்றின் தொடக்க வேகத்தையே அக்கூறு முழுவதற்கும் கொண்டு கூட்டினால் 14.7 மீற்றர் வரும். இறுதி வேகத்தைக் கொண்டு கூட்டினால் 24.5 வரும். உண்மை இவ்விரண்டுக்கும் இடையிலுள்ளது. பத்திலொரு செக்கனாக இருபது கூறிட்டால் 18.62 உம் 20.58 உம் வரும். நூற்றிலொரு செக்கனாக இருநூறு கூறிட்டால் 19.502 உம் 19.698 உம் வரும். இரு பக்கமும் நெருக்கி நிற்கும் எண், நாம் முன்னரே அறிந்த 19.6 அன்றோ! தூரத்திலிருந்து வேகத்தைப் பிரித்தெடுத்தோம்; வேகத்தைத் திரட்டித் தூரத்தை மீட்டோம். வேகத்தை வரைபாக வரைந்தால், அக்கோட்டின் கீழ் அடங்கும் முக்கோணத்தின் பரப்பளவும் 19.6 ஆகவே இருத்தல் காணலாம். தொகையீட்டைக் குறிக்கும் நீண்டு வளைந்த குறியை 1675 இல் முதன்முதலாக வழங்கியவர் இலைப்னிற்சு. அது கூட்டுத்தொகை எனப் பொருள்படும் ‘சும்மா’ என்னும் இலத்தீன்மொழிச் சொல்லின் முதலெழுத்தே. நம் மாணவர் பலர் அக்குறியைச் சும்மா எழுதுகின்றனர். அது கூட்டுக என்னும் ஏவல் என்பதை அறிந்து எழுதுவாராயின் நன்று.

வகுப்பறையிலேயே கிடக்கும் இன்னுமோர் உதாரணத்தையும் சுட்டுவோம். வட்டத்தின் பரப்பளவு, ஆரையின் வர்க்கத்தைப் பையினாற் பெருக்க வருவது. பரிதி, ஆரையின் இருமடங்கைப் பையினாற் பெருக்க வருவது. இவ்விரண்டையும் கீழ்வகுப்பிலேயே தனித்தனியாக மனனஞ் செய்கின்றோம். 10 சதமமீற்றர் ஆரையுள்ள வட்டத்தின் ஆரையைப் பத்திலொரு சதமமீற்றர் கூட்டினால், பரப்பளவு கூடும் வீதம் பையின் 20.1 மடங்கு, நூற்றிலொன்று கூட்டினால் 20.01 மடங்கு, நெருங்கும் எண் 20 மடங்கு. அதுவே அவ்வட்டத்தின் பரிதி. வெங்காயத்தின் மேல் ஒரு மெல்லிய தோல் சேர்வது போல, வட்டம் தன் பரிதியின் நீளமுள்ள ஒரு மெல்லிய வளையத்தைச் சேர்த்துக்கொண்டே வளர்கின்றது. இதனைக் கண்ட மாணவனுக்கு இரு சூத்திரங்களும் இரண்டல்ல, ஒன்றே.

இக்கலை வளர்ந்த வரலாறும் எம் கருத்துக்கு அரண் செய்கின்றது. ஆக்கிமிடீசு கிறித்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டிலேயே பரவளைவுத் துண்டமொன்றின் பரப்பளவை, அதனை முக்கோணங்களால் நிரப்பி நிரப்பிக் கண்டார். 1150 இல் சித்தாந்த சிரோமணியை இயற்றிய பாசுகரர், கோள்களின் அக்கணத்து இயக்கத்தைத் தாற்காலிக கதி எனப் பெயரிட்டு ஆராய்ந்தார். சில காலத்துக்கு மட்டுமுரியது என இன்று நாம் வழங்கும் அச்சொல்லுக்கு, அவர் கொண்ட பொருள் ‘அக்கணத்துக்குரிய’ என்பதே. பதினான்காம் நூற்றாண்டில் கேரளத்திற் பிறந்த மாதவர் வழிவந்தோர் பை முதலியவற்றை முடிவிலாத் தொடர்களாகக் கண்டனர். அவற்றின் நிறுவல்களைச் சேட்டதேவர் பதினாறாம் நூற்றாண்டில் யுக்திபாசை என்னும் நூலில் மலையாள மொழியிலே எழுதிவைத்தார். இவற்றைக் கூறுவது, எல்லாம் நம்மவரே கண்டனர் என்று மார்தட்டுதற்கன்று. இரு வினாக்களையும் இணைத்து, எவ்வளையிக்கும் பொருந்தும் பொதுமுறையாக்கிய பெருமை பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த நியூற்றனுக்கும் இலைப்னிற்சுக்குமே உரியது. நாம் காட்ட விரும்புவது ஒழுங்கை. வினாக்கள் முதலில் வந்தன. எண்ணிப் பார்த்தல் அடுத்து வந்தது. இலைப்னிற்சு 1684 இல் வெளியிட்ட விதிகள் அதன் பின் வந்தன. கோசியின் செம்மை எல்லாவற்றுக்கும் பின் வந்தது. மனித இனம் ஈராயிரம் ஆண்டுகளில் ஏறிய படிகளை மாணவன் ஒரு வாரத்தில் ஏறலாம். ஆனால், தலைகீழாக ஏறும்படி அவனை ஏவுதல் நீதியன்று.

எம் கருத்தை மறுப்போர் இரு திறத்தினர். பாடத்திட்டம் நீண்டது, காலம் குறுகியது, விதியை முதலிற் கொடுத்தாலன்றிப் பரீட்சைக்கு முடிக்கலாகாது என்பர் ஒரு சாரார். விதி வேண்டா என்பது எம் கொள்கையன்று. விதி சிறந்த கருவி. நூறு தடவை எண்ணிக் காண்பதை ஒரு வரியில் முடித்துத் தருவது. ஆனால், எதற்கென்று அறியாதவன் கையிற் கொடுத்த கருவி பாரமேயாம். அதிகூடிய பெறுமானம், அதிகுறைந்த பெறுமானம், மாறும் வீதம் என வினாக்கள் உருமாறி வருங்காலத்து, பொருள் அறியாதவன் எவ்விதியை எடுப்பதென அறியாது திகைப்பான். முதலிற் செலவிட்ட சில பாடவேளைகள் பின்னர்ப் பன்மடங்காகத் திரும்பிவரும். மேலும், இன்று கைத்தொலைபேசியிலுள்ள செயலியே வகையீட்டையும் தொகையீட்டையும் நொடியிற் செய்து தருகின்றது. விதியைச் செலுத்துதல் பொறியின் தொழிலாகிவிட்ட இக்காலத்தில், எதனை வகையிடுவது, வந்த விடை யாது கூறுகின்றது என அறிவதே மனிதனின் தொழில். அதனைக் கற்பியாது விடுவோமாயின், பொறியோடு தோற்பதற்கென்றே மாணவரைப் பயிற்றியவராவோம்.

மற்றொரு சாரார், எல்லையின் நுட்பமான வரைவிலக்கணத்திலேயே தொடங்கவேண்டும், தளர்ந்த பேச்சு கணிதமாகாது என்பர். செம்மையின்பால் அவர்க்குள்ள பற்றை நாம் மதிக்கின்றோம். ஆயினும், பசியாதவனுக்கு விருந்து சுமையே. தடை எழுந்த பின்னரே செம்மையின் தேவை விளங்கும். ‘மிகச் சிறிய அளவு’ என்று பேசுவதே தீது என்பாரும் உளர். 1910 இல் சில்வேனசு தொம்சன் என்னும் ஆங்கிலப் பேராசிரியர், இக்கலையை எளிதாக்கும் பொருட்டு எழுதிய நூலில், வகையீட்டுக் குறியைச் ‘சிறுதுண்டு’ என்றே விளக்கித் தொடங்கினார். அந்நூல் இன்றும் பயிலப்படுகின்றது. 1966 இல் வெளிவந்த நூலிலே ஏபிரகாம் றொபின்சன், அத்தகைய நுண்ணளவுகளைப் பிழையற்ற அடிப்படையில் நிறுவலாம் எனக் காட்டினார். ஆகவே, தொடக்கத்தில் எளிய மொழியிற் பேசும் ஆசிரியர் குற்றவாளியல்லர்.

கலைச்சொற்கள் குறித்தும் ஒரு சொல். தொடலி என்னுஞ் சொல்லைக் கேட்ட அளவிலே, தொட்டு நிற்பது என்னும் பொருள் தமிழ் மாணவனுக்கு விளங்கிவிடுகின்றது. வகையீடு, தொகையீடு என்பவையோ அத்துணை எளிதில் தம் பொருளைக் காட்டா. ஒன்று நுண்கூறுகளாக வகுப்பது, மற்றையது அவற்றைத் தொகுப்பது என்று முதல் நாளே ஆசிரியர் விரித்துரைத்தல் வேண்டும். தாய்மொழியிற் கற்கும் பேறு நமக்குண்டு. சொல்லின் பொருளை உணராது ஒலியை மட்டும் மனனஞ் செய்வோமாயின் அப்பேற்றினாற் பயன் யாது?

முடிவாக, நாம் வேண்டுவன இரண்டு. ஆசிரியர்கள் நுண்கணிதத்தின் முதற் பத்துப் பாடவேளைகளையேனும் விதியின்றி, வினாக்களுக்கும் எண்களுக்கும் வரைபுகளுக்கும் ஒதுக்குவாராக. பழைய மாணவர்கள், கட்டடத்துக்கு நிதியளிப்பதோடமையாது, தம் நேரத்திலும் ஒரு பங்கை அளிப்பாராக. நம்முள் பொறியியலாளர் உளர், மருத்துவர் உளர், கணக்காளர் உளர். குளத்தில் நீர் நிரம்பும் வீதத்தையும், குருதியில் மருந்து குறையும் வீதத்தையும், கடன் வளரும் வீதத்தையும் தம் தொழிலிற் காண்போர் அவர்களே. ஆண்டுக்கொரு நாள் உயர்தர வகுப்பில் வந்து நின்று, “நீர் கற்கும் இது எமக்கு இவ்விடத்திற் பயன்பட்டது” என்று அவர்கள் கூறுவது எந்தப் பாடநூலும் கொடுக்க இயலாத கொடையாகும்.

சிறிது சிறிதாகச் சேர்வது பெரிதாகத் திரளும் என்பது நுண்கணிதம் நமக்குக் கற்பிக்கும் பாடம். ஒரு கல்லூரியின் கல்வியும் அவ்வாறே திரள்வது. வருங்கால மாணவர் நுண்கணிதத்தின் வாயிலை அச்சத்தோடன்றி ஆவலோடு அணுகுமாறு செய்வோமாயின், இந்த யூபிலியின் பயனுள்ள நினைவுச் சின்னங்களுள் அதுவும் ஒன்றாக நிலைபெறும்.